கப்பல் கட்டுரைகளில் கை வைத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

சுக்கான்:
தமிழ் விக்கிப்பீடியாவில் கப்பல் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லுங்களேன். நானே தொடங்குகிறேன்.

எனக்கு முதல் அடி எம்டனில் விழுந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு போட்டதே, அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். ஊருக்கே தெரிந்த கப்பல், இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று பொதுவகத்திலிருந்து (விக்கிப்பீடியாவுக்கான பொதுப் படக் கிடங்கு) நல்ல தெளிவான படம் ஒன்றை எடுத்துத் தகவற்சட்டத்தில், அதாவது கட்டுரையின் ஓரத்தில் வரும் சுருக்கப் பெட்டியில், போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் கட்டுரையைப் பற்றிப் பேசும் பேச்சுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "புகைபோக்கியை எண்ணினீர்களா?" எண்ணினேன். படத்தில் இரண்டு. சென்னைக்கு வந்ததற்கு மூன்று. நான் போட்டது 1925இல் கடலில் இறக்கிய வேறொரு எம்டன்; ஜெர்மன்காரர்கள் அதே பெயரை விடாமல் அடுத்தடுத்த கப்பல்களுக்கும் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இதில் வேடிக்கை, 1914 அக்டோபரில் பினாங்கில் புகுந்து அடித்தபோது அந்த அசல் எம்டனே பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை நட்டுவைத்து பிரிட்டிஷ் கப்பல் வேஷம் கட்டியிருந்தது. ஆக, புகைபோக்கியில் ஏமாந்தவன் நான் மட்டும் இல்லை. நானாவது எண்ணவே இல்லை.

அதே கட்டுரையில் இன்னொரு கூத்து. ஒருவர் 1908 என்று போடுவார், இன்னொருவர் வந்து 1909 என்று மாற்றுவார், முதலாமவர் மீளமைப்பார். இரண்டுமே சரி! கடலில் இறக்கியது 1908 மே 26, கடற்படையில் சேர்த்தது 1909 ஜூலை 10. எங்கள் தகவற்சட்டத்தில் 'வெள்ளோட்டம்' என்று மொட்டையாக ஒரே வரி இருந்ததால் வந்த வினை. இத்தனைக்கும் வெள்ளோட்டம் என்பது ஓட்டிப் பார்ப்பது, இந்த இரண்டில் எதுவும் இல்லை. வரியை இரண்டாகப் பிரித்ததும் சண்டை நின்றது.

நங்கூரம்:
என் கதை ரஜுலா என்ற பயணிகள் கப்பல். எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு போனது அதில்தான். கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும், தகரப் பெட்டியோடு படகில் போய் ஏற வேண்டும், மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் இடம் என்று பாட்டி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதை அப்படியே எழுதிச் சேமித்தேன். அரை மணியில் நீக்கிவிட்டார்கள். கோபத்தோடு பேச்சுப் பக்கம் போனால், நீக்கியவர் பொறுமையாக எழுதியிருந்தார்: "பாட்டி சொன்னதை நம்புகிறேன், ஆனால் பாட்டியை மேற்கோளாகக் காட்ட முடியாதே." இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை, அவ்வளவு எரிச்சல்.

அப்புறம் அவரேதான் வழியும் காட்டினார். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடுங்கள், ஆனால் நாகப்பட்டினம் என்று இப்போதைய எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள், 'நெகபடாம்' என்று அந்தக் கால ஆங்கிலத்தில் தேடுங்கள் என்றார். கப்பல் வரவு அறிவிப்புகள் கொட்டின. பினாங்கில் இருக்கும் இன்னொரு பயனர் பாதியை எடுத்துக்கொள்ள, நான் பாதி படித்தேன்.

தேடும்போதுதான் ரோனா கண்ணில் பட்டது. ரஜுலாவின் உடன்பிறப்புக் கப்பல், இரண்டுமே 1926இல் கட்டியவை. அதுவும் சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல்தான். இரண்டாம் உலகப் போரில் படைகளை ஏற்றப் போனது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவிய வானொலி வழிகாட்டும் குண்டில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,138 பேர், அதில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். படித்தவற்றில் எல்லாம் அந்த ஒரு நாளே பக்கம் பக்கமாக இருக்கிறது, அதற்கு முந்தைய 17 வருஷத்துக்கு இரண்டு வரி. நாங்கள் நிரப்ப வேண்டியது அதைத்தான்.

ஒரு சின்ன விஷயம், ரோனாவுக்கு "எடை 8,602 டன்" என்று எழுதாதீர்கள். பயணிகள் கப்பலின் பதிவு டன் எடையே இல்லை, கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். போர்க்கப்பலுக்குச் சொல்லும் இடப்பெயர்ச்சிதான் (கப்பல் விலக்கும் நீரின் எடை) எடை. நானும் ஆறு கட்டுரையில் தப்பாக எழுதிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போனேன்.

வல்வைக்காற்று:
நான் பட்டது பெயரில். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி அமெரிக்கா வரைக்கும் போன பாய்க்கப்பல் எண்டு எங்கட ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் அமெரிக்கப் பத்திரிகைகளைத் தேடினால் ஒன்றும் வராது. வாங்கின அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதை புளோரன்ஸ் சி. ராபின்சன் எண்டு மாத்திப்போட்டார். 1938இல் மசாச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டரில் போய்ச் சேர்ந்தது அந்தப் பெயரோடுதான். இது தெரியாமல் ஒரு மாதம் மினக்கெட்டன். மற்றது, ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு: ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலில் சொல்லுவினம் எண்டதுக்காகத் தமிழில் 'அவள்' எண்டு எழுதாதேங்கோ. "அவள் நங்கூரமிட்டாள்" எண்டதை வாசித்து ஆரோ பொம்பிளை எண்டு நினைச்சிட்டன்.

சுக்கான்:
'அவள்' தொல்லை எம்டனிலும் உண்டு, மூன்று இடத்தில் நானே திருத்தினேன்.

நங்கூரம், பாட்டியிடம் கப்பல் படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஸ்கேன் செய்வதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையும் ஆண்டும் இருக்கும். இந்தியாவில் 1958க்கு முன் எடுத்தது என்றால் பதிப்புரிமைத் தொல்லை குறைவு.

நங்கூரம்:
ஒன்று இருக்கிறது. கப்பல் பாதிதான் தெரிகிறது, மீதியைச் சித்தப்பாவின் தலை மறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.