மறு: உப்புநீர்த் தொட்டி: ‘புரத வடிகட்டி’ சரியா?

வணக்கம்.

மீன்வளர்ப்புக் கையேட்டில் உப்புநீர்த் தொட்டிப் பகுதி நடக்கிறது. எடுத்துக்காட்டுத் தொட்டி 6 அடி நீளம், அகலமும் உயரமும் இரண்டரை அடி. சுமார் 1060 லிட்டர். மீன்கள் களவா, அஞ்சாலை, சிங்கமீன், கிளாத்தி. இறாலைக் கிழித்துத் தின்று தூளைத் தண்ணீரில் உதிர்க்கிற கூட்டம். தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மருக்கு வரைவில் ‘புரத வடிகட்டி’ என்றிருக்கிறது. அந்தக் கருவி நிற்கும், மீன்தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.

(சேலம், அஸ்தம்பட்டி)

*

‘வடிகட்டி’ வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்தால் வாசகர் உள்ளே வலையோ பஞ்சோ இருக்கும் என்று தேடுவார். இதில் அப்படி எதுவும் கிடையாது. பம்ப்பின் இறக்கை காற்றை நுண்குமிழியாக அடிக்கிறது. புரதம், கொழுப்பு அமிலம் போன்றவற்றின் மூலக்கூறில் ஒரு முனைக்குத் தண்ணீர் ஆகாது. அது குமிழியின் மேல்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் கருவியின் கழுத்தில் நுரையாக ஏறி மேலே உள்ள கிண்ணத்தில் விழும். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. நன்னீரில் அவை கூடிப் பெரிதாகி உடைந்துவிடும்.

‘புரதம்’ என்பதும் பாதி உண்மைதான், வேறு பல அழுக்கும் வருகிறது. ‘வடிகட்டி’க்குப் பதில் ‘நீக்கி’ என்று போட்டால் கறை நீக்கி மாதிரி ஏதோ மருந்து என்று நினைப்பார்கள். இது காற்றையும் ஊட்டுகிற கருவி. சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி ஆக்சிஜன் குறையும்போது அந்த வேலையே பெரிது.

என் பரிந்துரை ‘நுரைவழிப்பான்’. எங்கள் பக்கத்து ஆலைக் கொட்டாயில் கருப்பஞ்சாறு கொதிக்கும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை வழித்தெடுப்பார்கள். கிட்டத்தட்ட அதே வேலை.

சம்ப்புக்குக் ‘கீழ்த்தொட்டி’. ஊரில் சம்ப் என்றால் வீட்டு வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும்.

(ஓமலூர்)

*

இரண்டு தடை. ஒன்று, ‘வழிப்பான்’ என்றதும் எனக்கு முகச்சவரம்தான் ஞாபகம் வருகிறது. அதை விட்டுவிடலாம். மற்றது விட முடியாதது: இங்கே யாரும் கரண்டி போட்டு வழிப்பதில்லை, நுரை தானாக வழிகிறது. கையேட்டின் கோளாறுப் பகுதியில் ‘கிண்ணம் வழிந்தால்’ என்று வேறு வருகிறது. கருவியின் வேலையும் வழிதல், கோளாறும் வழிதல் என்றால் படிப்பவர் குழம்புவார்.

அந்தக் கோளாறு இங்கே அடிக்கடி வருவது. கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், கீழ்த்தொட்டி மட்டம் ஏறும். கழுத்தில் நின்ற நுரை சரிந்து அழுக்கு திரும்பத் தண்ணீரில் கலக்கும். கரண்ட் வந்ததும் உயர்ந்த மட்டத்திலேயே கருவி ஓடத் தொடங்கிக் கிண்ணம் நிரம்பிக் கொட்டும்.

(ஏற்காடு)

*

கோளாறுக்குப் ‘பொங்குதல்’ என்று வைத்தால் தீர்ந்தது. பால் பொங்கினால் அடுப்பு பாழ், யாருக்கும் விளக்க வேண்டாம். மருந்தும் எளிது: தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் திருப்பு பம்ப் ஓடிப் பத்து நிமிடம் கழித்து நுரைவழிப்பான் ஓடும்படி ஒரு டைமர். கரண்டி இல்லை என்பது சரி. ஆனால் துணி துவைக்கும் இயந்திரம் கல்லில் அடித்தா துவைக்கிறது?

வரைவில் திருத்த வேண்டியவை இன்னும் உண்டு. ‘1000 லிட்டருக்கான கருவி போதும்’ என்றிருக்கிறது. பெட்டியில் போட்ட அளவு குறைந்த மீன் உள்ள தொட்டிக்கு. இந்தக் கூட்டத்துக்கு 2000 லிட்டருக்குக் குறையக் கூடாது. மூடிய டப்பா வடிகட்டியான கேனிஸ்டரை முதன்மையாகச் சொல்லியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். அதில் சிக்கிய இறால்தூள் அங்கேயே அழுகி அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாகத் தொட்டிக்கே திரும்பும். மாதம் ஒருமுறை திறப்பவருக்கு அது நைட்ரேட் ஆலைதான். தண்ணீர் கீழே இறங்கும் இடத்தில் 200 மைக்ரான் வடிபை கட்டி மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றித் துவைக்கட்டும். அடுத்து நுரைவழிப்பான், அதற்குப் பிறகு பாக்டீரியா தங்கும் கற்கள். அழுகுமுன் வெளியே எடுப்பதுதான் இந்த வரிசையின் நோக்கம்.

கழுத்தைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை. மூன்றே நாளில் உள்சுவரில் பழுப்பாக, விரலில் ஒட்டும் பிசுக்குப் படியும். ஏறி வரும் நுரை அதில் பட்டு உடையும், கிண்ணம் காலியாகவே கிடக்கும், உரிமையாளர் பம்ப் பழுது என்பார். துணியால் துடைத்தால் போதும். கொழுப்பான மீன்துண்டு போட்ட அன்றும் நுரை அமுங்கும். சில மணி நேரத்தில் தானே எழும், நுரை மட்டத்தைச் சரிசெய்யும் திருகைத் தொட வேண்டாம். காற்றுக்குழாய் நுனியில் உப்பு அடைத்தால் வெந்நீர் விட்டுக் கரைக்கலாம்.

(ஓமலூர்)

*

நுரைவழிப்பான், கீழ்த்தொட்டி, வடிபை, பொங்குதல்: நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முகச்சவரம் பொறுத்துக்கொள்ளட்டும். தேநீர் நிறத்தில் நீர்த்து வருவதற்கு ‘ஈரநுரை’, கெட்டியாக வருவதற்கு ‘உலர்நுரை’ என்று படத்தில் குறிக்கிறேன். இந்த மீன்களுக்கு ஈரநுரை வரும்படி வைக்கச் சொல்லலாம், இல்லையா? கிண்ணம் சீக்கிரம் நிரம்பும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

(சேலம், அஸ்தம்பட்டி)