பாப்பாவோட புதுநன்மை: எங்க வீட்டுக் குரூப்பில் பேசினது

குரூப்: மாதா துணை, நம்ம குடும்பம்

சனி, இரவு

8:40 நான்: எல்லாரும் இருக்கீங்களா? ஒரு விஷயம் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. அடுத்த மாசம் பாப்பாவுக்குப் புதுநன்மை, முதல் தடவையா நன்மை வாங்கப் போறா. கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோய்னு டாக்டர் சொன்னதுலேருந்து கோதுமை ஒரு பொட்டுகூட வாயில படக்கூடாது. பூசையில நன்மையாக் குடுக்குற அப்பம், அந்த ஓஸ்தி, முழுக்கக் கோதுமைதானே. என்ன பண்றது?

8:43 பெரியண்ணன்: நகத்தளவு துண்டு தங்கச்சி. பூசையில சாமி ஜெபம் சொல்லி எழுந்தேற்றம் பண்ணினதுக்கு அப்புறம் அது ஆண்டவரோட உடம்பு. பிள்ளையை என்ன செஞ்சிடும்?

8:47 சிஸ்டர் சித்தி: அப்படிச் சொல்லாதப்பா. எழுந்தேற்றத்துக்கு அப்புறமும் அப்பத்தோட குணம் மாறாது. நிறம், ருசி, வயித்துக்குள்ள செய்யுற வேலை எல்லாம் அப்படியேதான் இருக்கும். திருச்சபையோட போதனையே அதுதான். சீலியாக் உள்ளவங்களுக்குன்னு தனியா வழி வச்சதும் அதனாலதான்.

8:52 நான்: ரெண்டு வருஷம் வயித்துவலி, ரத்தசோகைன்னு அலைஞ்சோம் சித்தி. ஒரு இடத்துல பூச்சின்னாங்க. இன்னொரு இடத்துல, சாப்பிட அடம்புடிக்கிறான்னு அவளையே அதட்டினாங்க. வடக்கே சப்பாத்தி தின்கிற ஊர்கள்லதான் இது அதிகமாம், நம்ம பக்கம் கம்மி. சோறு தின்கிற பிள்ளைக்குக் கோதுமை எங்கேருந்து வந்துச்சுன்னு கணக்கெடுத்தா ரவை உப்புமா, சேமியா, பிஸ்கட், பரோட்டா. கூட்டுப் பெருங்காயத்துல கூட மைதா சேர்க்குறாங்க. தினம் சாம்பார்ல நானே போட்டுக் குடுத்திருக்கேன். நினைச்சா நெஞ்சு வலிக்குது.

8:58 அண்ணி: அத்தை, அதான் உங்கம்மா, பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, சொல்றதை அப்படியே போடுறேன். "நம்ம வயல் பச்சரிசியை இடிச்சு மாவாக்கித் தர்றேன், சாமிகிட்ட குடு. அதுல ஓஸ்தி சுட்டா ஆகாதா? காவேரித் தண்ணியில விளைஞ்ச நெல்லு ஆண்டவருக்கு வேண்டாமாமா?"

9:01 குவைத் தம்பி: அக்கா, பாப்பாவுக்கு ஒத்துக்காதது கோதுமையில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம்தானே, அதுவே இல்லாத ஓஸ்தி ஆன்லைன்ல விக்குது. நான் வாங்கி அனுப்புறேன்.

9:10 சிஸ்டர் சித்தி: தம்பி, பணம் கட்டிடாத. எங்கக்கா அரிசி மாவு கேட்டதுல தப்பே இல்ல, ஆனா அரிசி ஆகாது. திருச்சபைச் சட்டம் 924 சொல்றது இதுதான்: அப்பம் கோதுமையில மட்டும் செஞ்சதா இருக்கணும், ரசம், அதாவது ஒயின், திராட்சைக் கனியிலேருந்து வந்ததா இருக்கணும். அரிசியிலயோ கேழ்வரகுலயோ சுட்டா அது திருப்பலிக்குச் செல்லாது. ஆண்டவர் கடைசி இராவுணவுல கையில எடுத்ததை மாத்த நமக்கு அதிகாரம் இல்லைன்னு திருச்சபை நினைக்குது. நெல்லுக்கு மரியாதை கம்மின்னு இல்லக்கா.

9:14 சிஸ்டர் சித்தி: குளூட்டன் சுத்தமா எடுத்த ஓஸ்தியும் செல்லாது. 2003ல ரோமாபுரியிலேருந்து வந்த கடிதமும், 2017ல கர்தினால் ராபர்ட் சாரா அனுப்பின சுற்றறிக்கையும் அதையேதான் சொல்லுது. குறைஞ்ச குளூட்டன் உள்ளது செல்லும். மாவு ரொட்டியா சேர்ற அளவுக்காவது அது இருக்கணும், வேற எதுவும் கலக்கக் கூடாது. அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல கிளைட்ங்கிற ஊர்ல பெனடிக்ட் சபை சிஸ்டர்கள் 0.01 சதவீதத்துக்கும் கீழ குளூட்டன் இருக்கிற மாதிரி செய்றாங்க.

9:17 நான்: அதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் சித்தி. குடல் இப்பதான் ஆறிக்கிட்டு வருது, இப்போதைக்கு அதுவும் வேண்டாம்னுட்டாரு.

9:20 சிஸ்டர் சித்தி: அப்போ கிண்ணத்துல இருக்கிற ரசத்தை, அதாவது திருஇரத்தத்தை, மட்டும் வாங்கட்டும். சட்டம் 925லயே அதுக்கு இடம் இருக்கு.

9:21 பெரியண்ணன்: ஒம்பது வயசுப் பிள்ளைக்கு ஒயினா?

9:25 சிஸ்டர் சித்தி: உதடு நனையுற அளவு ஒரு வாய், அதுலயும் தண்ணி கலந்திருக்கும். அதுவே கூடாதுன்னா புளிக்கறதை ஆரம்பத்துலயே நிறுத்தின திராட்சைச் சாறு இருக்கு, மஸ்டம்னு பேரு. அதுக்கு ஆயர் அனுமதி வேணும். கடையில விக்கிற ஜூஸ் பாக்கெட் இல்ல.

9:31 நான்: பாப்பா எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கா. "மத்த பிள்ளைங்களுக்கு முழுசா, எனக்குப் பாதி ஏசுவா?"ன்னு கேக்குறா. எனக்குப் பதில் வரல.

9:36 சிஸ்டர் சித்தி: போனை அவகிட்ட குடு. தங்கம், சித்தம்மாச்சி பேசுறேன். பாதி இல்லடா. அப்பத்துல ஏசு முழுசா இருக்காரு, கிண்ணத்துலயும் முழுசா இருக்காரு. நம்ம கோயில்ல இத்தனை பேர் அப்பம் மட்டும்தானே வாங்குறோம், எங்களுக்கு யாராவது பாதி குடுத்தாங்களா? நீ கிண்ணத்துல வாங்குறதும் அதே மாதிரி முழுசுதான்.

9:44 அண்ணி: அத்தை கண்ணைத் துடைக்கிறாங்க.

9:46 நான்: அப்படியே அம்மா விஷயத்தையும் கேட்டுடுறேன் சித்தி. நன்மை வாங்கப் பட்டினி இருக்கணும்னு ஞாயித்துக்கிழமை விடிஞ்சா சுகர் மாத்திரையும் போடுறதில்ல, இட்லியும் தொடுறதில்ல. போன வாரம் பூசை முடிஞ்சு வாசல்லயே தலை சுத்தி உட்கார்ந்துட்டாங்க.

9:48 அண்ணி: அத்தை சொல்றாங்க, "எங்கம்மா நடுராத்திரியிலேருந்து எச்சில்கூட முழுங்காம நன்மை வாங்கினவங்க."

9:55 சிஸ்டர் சித்தி: அக்கா, நம்ம அம்மா காலத்துச் சட்டம் அது. 1953ல தண்ணி குடிக்கலாம்னு ஆச்சு, 1957ல 3 மணி நேரம் பட்டினி போதும்னாங்க, 1964ல 1 மணி நேரம். அதுவும் நன்மை வாங்குற நேரத்துக்கு முன்னாடி 1 மணி நேரம், பூசை தொடங்குறதுக்கு முன்னாடி இல்ல. தண்ணியும் மருந்தும் இப்போ தடையே இல்ல. வயசானவங்க, நோயாளிங்க, அவங்களைப் பார்த்துக்குறவங்க யாருக்கும் அந்த 1 மணி நேரம்கூட கட்டாயம் இல்ல. சட்டம் 919. உன் பக்தியை நான் சின்ன வயசுலேருந்து பார்க்குறேன். மாத்திரையைப் போட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வா.

9:58 பெரியண்ணன்: நாளைக்கு நானே ஊட்டி விட்டுக் கூட்டிட்டுப் போறேன்.

ஞாயிறு

11:20 நான்: பூசை முடிஞ்சு பங்குச் சாமியைப் பார்த்தோம். பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல ரசம் எழுந்தேற்றம் பண்ணித் தர்றாராம். பெரிய கிண்ணத்துல ஓஸ்தியை விண்டு ஒரு துணுக்குப் போடுவாங்கல்ல, அது ஆகாது. ஓஸ்தி தொட்ட கையோட அந்தக் கிண்ணத்தை எடுக்காம இருக்கவும், வரிசையில பாப்பா முதல்ல நிக்கவும் உபதேசியார்கிட்ட சொல்லிட்டாரு.

11:24 குவைத் தம்பி: அந்தச் சின்னக் கிண்ணத்தை நான் வாங்கித் தரலாமா அக்கா? தாய்மாமன் சீரா இருக்கட்டும்.

11:26 நான்: சாமிகிட்ட கேட்டுச் சொல்றேன்டா. சந்தோஷமா இருக்கு.

11:31 அண்ணி: அத்தை ரெண்டு இட்லி சாப்பிட்டுத்தான் வந்தாங்க. புதுநன்மை விருந்துக்குத் தன் கையாலேயே அரிசி மாவுல அதிரசமும் முறுக்கும் சுடுறாங்களாம். பாப்பாவுக்குத் தனி எண்ணெய்ச்சட்டி. சாம்பாருக்குக் கூட்டுப் பெருங்காயம் வேண்டாம்னு சமையல்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்.