சிம்ப்சன் பாலைவனம் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். வரும் ஜூலையில் நாங்கள் நாலு பேர், இரண்டு வண்டிகளில் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் போகிறோம். மவுண்ட் டேர் பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு, டல்ஹவுசி வெந்நீர் ஊற்றருகே ஒரு ராத்திரி கூடாரம். அப்புறம் பிரெஞ்சு லைன் என்ற மணல் பாதை வழியாக, மறுபக்கத்தில் இருக்கும் பேர்ட்ஸ்வில் ஊர். மணல்மேடுகளின் கிழக்குச் சரிவுதான் செங்குத்து என்பதால் மேற்கிலிருந்து கிழக்காகப் போவதாக முடிவு. பூங்கா அனுமதிச் சீட்டு, மேட்டுக்கு அந்தப்பக்கம் வருபவர்களுக்குத் தெரிய வண்டியில் கட்டும் உயரக் கொடி இரண்டும் தயார்.

குழப்பம் டீசலில்தான். நடுவில் எங்கும் பங்க் கிடையாது. என் வண்டி தார்ச்சாலையிலேயே 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும். மணலில் எவ்வளவு கூடும்? போன வருடம் ஊட்னடாட்டா பாதையில், வண்டி குலுங்கிய குலுக்கலில் கேன் மூடி தளர்ந்து அரிசி மூட்டையெல்லாம் டீசல். கழுவிப் பார்த்தோம், நாற்றம் போகவில்லை. மூன்று நாள் பிரெட்தான். அதனால் கூடுதலாகக் கேன் ஏற்றவே பயமாக இருக்கிறது.

டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் போதுமா, கடைசியில் வரும் பிக் ரெட் என்ற பெரிய மணல்மேட்டுக்கு இன்னும் குறைக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், நிறையப் பார்த்தாயிற்று.