ஸ்கார்பரோ கடைக்குக் கறித்தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், கருவாடு அனுப்ப என்னென்ன வேணும்?

சுன்னாகம்_தூள்:

வணக்கம். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில சின்னத் தயாரிப்பு. பி.ஆர். (வியாபாரப் பதிவு) இருக்கு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்த்துப் பதிஞ்ச இடம். இதுவரை உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும்தான். இப்ப கனடாவில ஸ்கார்பரோவில ஒரு பலசரக்குக் கடைக்காரர் கேக்கிறது:

வறுத்த கறித்தூள் 500 கிராம் பை 300, ஒடியல் மா (காயவைச்ச பனங்கிழங்கு மா) 500 கிராம் 100, மோர்மிளகாய் 200 கிராம் 100, நெத்தலிக் கருவாடு 250 கிராம் 80. எல்லாம் சேர்த்து 240 கிலோ.

தூளுக்குள்ள போறது: செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் கடுகு, கொஞ்சம் பெருங்காயம். அரைக்கிறது ஊர் மில்லில.

ஒரு ஏஜென்ற் சொல்றார், 20 கிலோ 20 கிலோவாப் பிரிச்சு வேற வேற ஆக்களின்ர பேருக்கு கிஃப்ற் எண்டு போட்டால் ஒரு கடுதாசியும் தேவையில்லையாம். உண்மையோ? 10,000 பை அச்சடிக்கக் குடுக்கப் போறன். அதுக்கு முதல் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

மார்க்கம்_இறக்குமதி:

முதல் அந்தப் பை அச்சடிக்கிறதை நிப்பாட்டுங்கோ.

20 கிலோ கதை அரைவாசி உண்மை. கனடாவில 20 கிலோ வரைக்கும் விலக்கு இருக்கு, ஆனா அது சொந்தப் பாவனைக்கு வாற உணவுக்கு. கடையில விக்கிற சாமானுக்கு ஒரு கிலோவுக்கும் அந்த விலக்கு இல்லை. ஒரே அனுப்புநர், ஒரே பை, பன்னிரண்டு பெட்டி எண்டு வந்தால் பரிசோதகருக்கு விளங்க ஒரு நிமிசம் போதும்.

கடைக்காரரிட்ட முதல் கேக்கவேண்டியது அவரின்ர எஸ்.எஃப்.சி. லைசென்ஸ் (கனடாவின்ர பாதுகாப்பான உணவுச் சட்ட லைசென்ஸ்) நம்பர். உணவு இறக்குமதி செய்யிற ஆள் சி.எஃப்.ஐ.ஏ.யிட்ட (கனடாவின்ர உணவுப் பரிசோதனை நிறுவனத்திட்ட) இந்த லைசென்ஸ் எடுத்திருக்கவேணும். இரண்டு வருசம் செல்லும். எடுக்கேக்க எந்தெந்த உணவு வகை எண்டும் குறிக்கவேணும். பலசரக்கு வகைக்கு மட்டும் எடுத்தவருக்குக் கருவாடு அனுப்பினால் அது அங்க நிக்கும். இறக்குமதிப் பிரகடனத்தில நம்பர் இல்லாட்டியோ பிழையெண்டாலோ சரக்கு வாசலிலயே தள்ளுப்படும். கனபேர் வேற ஒரு மொத்த வியாபாரியின்ர லைசென்ஸில சாமான் எடுக்கினம். அப்பிடியெண்டால் லேபிளில இறக்குமதியாளர் எண்டு வரவேண்டியது அந்த மொத்த வியாபாரியின்ர பேரும் விலாசமும்தான். பை அச்சடிக்கிறதை நிப்பாட்டச் சொன்னதுக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் மொழி. பொருளின்ர பேர், உள்ளடக்கம், ஊட்டச்சத்து அட்டவணை எல்லாம் ஆங்கிலத்திலயும் பிரெஞ்சிலயும் வேணும். தமிழ் கூடுதலா இருக்கலாம், பிரச்சினையில்லை. நிறைக்கு ஆங்கிலச் சின்ன ‘ஜி’ எழுத்து மட்டும் போட்டால் இரண்டு மொழிக்கும் காணும். முன்பக்கப் பரப்பு 32 இல இருந்து 258 சதுர சென்ரிமீற்றருக்குள்ள எண்டால் நிறை இலக்கம் குறைஞ்சது 3.2 மில்லிமீற்றர் உயரம். மற்ற எழுத்து 1.6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. டிசைன் செய்யிற பொடியன்மார் வடிவுக்காக எழுத்தைச் சின்னனாக்குவினம், அதை அளந்து பாருங்கோ.

ஒவ்வொரு பையிலயும் தொகுதி இலக்கம் வேணும். எந்த நாள் அரைச்சது, எந்த மிளகாய் மூட்டை எண்டு அந்த இலக்கத்தை வைச்சுத் தேடிப் பிடிக்கக்கூடியதா உங்கட கொப்பியில இருக்கவேணும். சரக்கைத் திருப்பி எடுக்கச் சொன்னால் ஒரு நாள் சரக்கோட போகும், இலக்கம் இல்லாட்டி முழுச் சரக்கும் போகும்.

மில்லும்_கல்லும்:

அண்ணை, உங்கட உள்ளடக்கப் பட்டியலில இரண்டு சாமான் இடிக்குது: கடுகும் பெருங்காயமும்.

கனடாவில கடுகு ஒவ்வாமைப் பட்டியலில உள்ளது. மற்றச் சரக்குகளை ‘வாசனைத் திரவியங்கள்’ எண்டு ஒரு சொல்லில அடக்கலாம், கடுகை அப்பிடி ஒளிக்கேலாது, பேர் சொல்லிப் போடவேணும். பெருங்காயம் இன்னும் மோசம். கடையில வாங்கிற கூட்டுப் பெருங்காயத்தில பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். உங்கட தூளுக்குள்ள ஒரு கரண்டிதான் போகுது, ஆனா லேபிளில கோதுமை எண்டு வராட்டி அதுவே திருப்பி அழைக்கக் காரணமாகும். டப்பாவைத் திருப்பி வாசியுங்கோ. அரிசி மா போட்ட பெருங்காயமும் கிடைக்குது. என்னைக் கேட்டால் ஏற்றுமதித் தூளில இரண்டையும் விடுங்கோ, ருசியில பெரிய வித்தியாசம் தெரியாது.

விட்டாலும் மில்லு இருக்கு. உங்களுக்கு முன்னால ஒராள் ஆட்டாமா அரைப்பார், பின்னால ஒராள் எள்ளு இடிப்பார். முதல் இரண்டு கிலோவை அரைச்சு ஒதுக்கிறதால மில்லு துப்புரவாகாது. சல்லடைத் துணி, வாய்ப்பெட்டி, கல்லுக்குப் பின்னால படியிற மா எல்லாம் மிச்சம் நிக்கும். ஏற்றுமதி எண்டு இறங்கினால் சின்ன ஒரு சொந்த மில்லு வேணும், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், வாயில காந்தம். இரும்புத்தூள் எவ்வளவு அந்தக் காந்தத்தில ஒட்டுது எண்டு பார்த்தால் காந்தம் ஏன் எண்டு கேக்கமாட்டியள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். பரிமாறல் அளவில எல்லாச் சத்தும் பூச்சியம் எண்டு வாற வாசனைச் சரக்குக்கு ஊட்டச்சத்து அட்டவணை தேவையில்லை. உப்பு விழுந்தால் சோடியம் வந்து அந்த விலக்குக் கைவிட்டுப் போகும். உப்பில்லாமல் அனுப்புங்கோ, வாங்கிறவை தங்கட அளவில போடட்டும்.

ஆய்வுகூடம்:

இதுவரை யாரும் தொடாத விடயம் அஃப்ளாடொக்சின். செத்தல் மிளகாயில் வளரும் பூஞ்சண நஞ்சு அது. வறுத்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு முழுதாகப் போகாது. ஆகவே ‘நாங்கள் வறுத்துத்தான் அரைக்கிறோம்’ என்பது பதிலல்ல. தடுக்கக்கூடிய இடம் மிளகாய் வாங்கும் மூட்டைதான். காம்பு கழன்றது, வெளிறியது, உள்ளே சாம்பல் படிந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிய வேண்டும். உடைத்துப் பார்க்காமல் வெளித்தோலை மட்டும் பார்த்தால் தெரியாது. ஈரப்பதன் 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. மழைக்காலத்தில் திண்ணையில் அடுக்கி வைத்த மூட்டை ஒரு கிழமையிலேயே அதைத் தாண்டிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை மிளகாய், மிளகு, மஞ்சள், இஞ்சிக்கு பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தம் 10. கனடாவுக்குப் போனாலும் இதையே உங்கள் இலக்காக வையுங்கள்.

கொழும்பில் ஐ.ரி.ஐ.யில் (கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில்) கேட்க வேண்டிய சோதனைகள்: அஃப்ளாடொக்சின் பி1, மொத்தம், 25 கிராமில் சல்மனெல்லாக் கிருமி, ஈயம், சூடான் சாயம் (நிறத்துக்குக் கலக்கும் சிவப்புச் சாயம்), ஈரப்பதன். ஈயம் மஞ்சளுக்காக. நிறத்துக்கு ஈயக் குரோமேற்று பூசிய மஞ்சள் சந்தையில் வரும், விரலி மஞ்சளாக வாங்கினாலும் அந்த ஆபத்து உண்டு.

மாதிரி எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த நஞ்சு சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிராது. நூறு மிளகாயில் ஒன்றில் குவிந்திருக்கும். மேல் பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அனுப்பிச் சுத்தம் என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அரைத்த தொகுதியின் பல இடங்களில் இருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, மூன்றாகப் பிரியுங்கள்: ஆய்வுகூடத்துக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, முத்திரையிட்டு உங்களிடம் ஒன்று.

கறிவேப்பிலையை வறுத்து முடிந்தபின் பச்சையாகச் சேர்க்காதீர்கள். சல்மனெல்லாவும் ஈரமும் அந்த வழியாக வரலாம். தூளை மில்லுச் சூட்டோடு பையில் அடைப்பதும் பிழை. உள்ளே வியர்த்துக் கட்டிபடும். தட்டுகளில் பரப்பி, அறை வெப்பத்துக்கு வந்தபின் அடையுங்கள்.

வார்ஃப்_கிளார்க்:

இலங்கைப் பக்கம் சுருக்கமா. பி.ஆர்., உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின்ர ரின் நம்பர் (வரி இலக்கம்), அதை வைச்சு சுங்கத்தில ஏற்றுமதியாளராப் பதிவு. பிறகு ஒவ்வொரு ஏத்தலுக்கும் கஸ்டெக் (சுங்கப் பிரகடனம்), இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ற். சுகாதாரச் சான்றிதழ் வாங்கிறவர் கேட்டால் சுகாதார அமைச்சின்ர உணவுக் கட்டுப்பாட்டு நிர்வாகப் பிரிவு. அரைக்காத, வறுக்காத தாவரப் பொருளெண்டால் கட்டுநாயக்காவில தாவரத் தடுப்புக்காப்புச் சேவையின்ர சான்றிதழ் தேவைப்படலாம். ஒடியல் மாவுக்கு கனடா என்ன கேக்குது எண்டதை சி.எஃப்.ஐ.ஏ.யின்ர ஏர்ஸ் எண்ட இறக்குமதி விதித் தளத்தில எச்.எஸ். கோட் (சுங்கப் பொருள் இலக்கம்), நாடு, மாகாணம், என்னத்துக்குப் பாவிக்கிறது எண்டு போட்டுப் பாருங்கோ. ஆர் சொன்னாலும் ஏத்துற கிழமை ஒருக்காப் பாருங்கோ.

இன்வொய்ஸில ‘மிளகாய்த்தூள்’ எண்டு சோம்பலுக்கு எழுதாதேங்கோ. தனி மிளகாய்த்தூளின்ர எச்.எஸ். கோட் 0904.22. உங்கட கலவை 0910.91. ஐரோப்பாவுக்குப் போகேக்க மிளகாய் எண்ட பேர்தான் தலையிடி. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2019/1793 ஒழுங்குவிதியின்ர மேலதிகச் சோதனைப் பட்டியலில இலங்கை மிளகாய் அஃப்ளாடொக்சினுக்காக வந்தது. அந்தப் பட்டியல் அரையாண்டுக்கொருக்கா திருத்தப்படும், ஏத்த முதல் கடைசித் திருத்தத்தைப் பாருங்கோ.

சரக்கு அடுக்கப் பலகைப் பலட் போட்டால் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதிக்கான சர்வதேச விதி) முத்திரை வேணும்: மரத்தின்ர நடுப்பகுதி 56 பாகை சூட்டில 30 நிமிசம் நிண்டதுக்கான அடையாளம். முத்திரையில்லாத ஒரு பலட்டுக்காக நல்ல சரக்கும் சேர்ந்து நிக்கும். கப்பலில கொள்கலன் உள்ளுக்க வியர்க்கும், அட்டைப்பெட்டிக்கு உள்ளால பொலித்தீன் போடுங்கோ, ஈரம் உறிஞ்சிற பக்கற்றும் கேளுங்கோ. காசு வங்கியால வரட்டும். உண்டியலில (வங்கியில்லாமல் கைமாறி) வந்தால் ஏற்றுமதி வருமானம் எண்டு காட்டேலாது.

சுன்னாகம்_தூள்:

எல்லாருக்கும் நன்றி. கடுகு, பெருங்காயம், உப்பு மூண்டையும் விடுறன். மோர்மிளகாய், கருவாடு பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. லண்டனில இருந்தும் ஒராள் கேக்கிறார், அதே பை சரிவருமோ?

மார்க்கம்_இறக்குமதி:

இரண்டையும் முதல் ஓடரில இருந்து எடுத்துவிடுங்கோ.

மோர்மிளகாயில தயிர் இருக்கு, அதால அது மிளகாயா மட்டும் பார்க்கப்படாது, பால் பொருள் விதிக்குள்ளயும் போகலாம். ஒவ்வாமையில பால் எண்டு வேற போடவேணும். உப்பும் அதில அதிகம். கனடாவில 2026 ஜனவரி 1 இல இருந்து சோடியம் எல்லையைத் தாண்டின பொதிக்கு முன்பக்கத்தில எச்சரிக்கைச் சின்னம் கட்டாயம். தயிரில்லாத உப்பு மிளகாயெண்டால் பால் பிரச்சினையாவது இல்லை.

கருவாட்டுக்கான சுகாதாரச் சான்றிதழ் குடுக்கிறது கடற்றொழில் திணைக்களம். ஐரோப்பாவுக்கு வீட்டு முற்றத்தில காயவைச்சது போகவே போகாது: அங்கீகார இலக்கம் உள்ள நிறுவனம் வேணும், கடலில பிடிச்ச மீனுக்குப் பிடிச்சதுக்கான சான்றிதழும் வேணும். 2015 இல ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிப்பாட்டி 2016 இல திரும்பத் திறந்தது, அதுக்குப் பிறகு இதில விட்டுக்குடுப்பு இல்லை.

மில்லும்_கல்லும்:

லண்டனுக்கு அதே பையை அப்பிடியே அனுப்பேலாது. அங்க ஒவ்வாமைப் பொருளை உள்ளடக்கப் பட்டியலுக்கு உள்ளயே தடித்த எழுத்து மாதிரி எடுப்பாத் தெரியக் காட்டவேணும், கனடா மாதிரிக் கீழ ஒரு வரி போட்டுவிட்டால் காணாது. பிரித்தானிய விலாசமும் வேணும். அதால 10,000 பையில முன்பக்கம் மட்டும் அச்சடியுங்கோ: உங்கட பேர், பொருளின்ர பேர் ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழில, நிறை. பின்பக்கம் வெறுமையா விட்டு நாட்டுக்கொரு ஸ்ரிக்கர் ஒட்டுங்கோ. தொகுதி இலக்கத்தை அடிச்சாப்பிறகு அதுக்கு மேல ஸ்ரிக்கர் விழாமல் இடம் விடுங்கோ. எண்ணெய்க் கையோட ஒட்டினால் கப்பல் போய்ச் சேர முதல் கழண்டிடும், சீல் அடிச்ச உடன பையைத் துடைச்சுப்போட்டு ஒட்டச் சொல்லுங்கோ.