அகலிகை மறுபடியும் கல்லானது ஏன்? உங்கள் வாசிப்பு வேண்டும்

நண்பர்களே, புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ சிறுகதையைப் படித்தவர்களிடம் ஓர் உதவி. அடுத்த வாரம் எங்கள் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டும். முடிவில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் முறை அகலிகையைக் கல்லாக்கியது அவள் கணவன் கோதமனின் சாபம். இரண்டாவது முறை யாரும் சபிக்கவில்லை. இராமன் கேட்டதால் தீக்குளித்தேன் என்று சீதை வாயாலேயே கேட்ட பிறகு அகலிகைக்குள் ஏதோ இறுகிவிடுகிறது. மனம் உடைந்துபோய்விட்டாள் என்கிறாள் என் தோழி. எனக்கு அது அகலிகை தானாக எடுத்த முடிவாகவே படுகிறது. ஆனால் கடைசியில் கோதமன் நெருங்கும்போது அவள் கண்ணுக்கு, முன்பு கோதமன் உருவில் வந்து ஏமாற்றிய இந்திரன் அல்லவா தெரிகிறான், அதை என் வாசிப்பில் எங்கே வைப்பது?

இன்னொன்றும் உண்டு. விமோசனம் கிடைத்த பின்பும் அவள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசுகிறாள். மற்றவர்கள் சாதாரணமாகச் சொல்வதிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று தவிக்கிறாள். விவாகரத்துக்குப் பிறகு நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஊர் பார்க்கும் பார்வையைக் கழித்துவிட்டால் நான் யார் என்ற கேள்வி அந்தப் பக்கங்களில்தான் எனக்குள் எழுந்தது. அதனாலேயே என் கதையை அவள்மேல் ஏற்றிப் படிக்கிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது.

கதையிலிருந்தே இடம் காட்டிச் சொல்லுங்கள். கோதமன் பக்கம் நின்று படித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.