மழைக்கால எலெக்ட்ரிக் எம்டிபி: மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் ஓட்டுவதும் கழுவுவதும்

தேயிலைத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி எலெக்ட்ரிக் எம்டிபி, அதாவது மோட்டார் வைத்த மலைப்பாதை சைக்கிள். மோட்டார் போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், 4ஆம் தலைமுறை. பேட்டரி டவுன் டியூபுக்குள் (ஃபிரேமின் கீழ்ச் சாய்வுக் குழாய்) இருக்கும் வகை. ஓட்டுவது கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மண் பாதைகளில். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டாலும் சேறு விடாது. ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கழுவியே ஆக வேண்டும். அனுபவமுள்ளவர்களிடம் நான்கு கேள்விகள்:

கையேட்டில் ஐபி54 என்று தூசி, நீர்த் தடுப்புத் தரம் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கனமழையில் ஓட்டலாம்தானே? டூவீலர் வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழுவலாமா? கழுவும்போது பேட்டரி உள்ளேயே இருக்க வேண்டுமா, கழற்ற வேண்டுமா? வழியில் ஓடை வந்தால் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?

பட்டறைக்காரன்:

மழையில் ஓட்டலாம். வாட்டர் சர்வீஸ் வேண்டவே வேண்டாம். காரணம் அந்த ஐபி எண்ணிலேயே இருக்கிறது.

ஐபி54 என்பதில் 5 தூசிக்கு, 4 தண்ணீருக்கு. அந்த 4 சொல்வது எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதை மட்டும்தான். பீய்ச்சி அடிக்கும் நீருக்கான சோதனை அடுத்த எண்ணான 5இல்தான் தொடங்குகிறது. அதுவும் எப்படி? 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று. சர்வீஸ் கடைப் பிரஷர் கன் 100 பார் அழுத்தத்தில் அடிக்கும். அதை ஒரு சாண் தூரத்தில் வைத்து கிராங்க் (பெடல் மாட்டிய தண்டு) பக்கம் திருப்பினால், அதன் அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஆக்சில் சீலின் உதடு மடங்கித் தண்ணீருக்கு வழிவிடும். உள்ளே போன நீர் பேரிங்கில் கிரீஸைக் கழுவிவிட்டு அங்கேயே தங்கும். அன்று ஒன்றும் தெரியாது. பல வாரம் கழித்து மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும்.

கடைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலோ ஆயிலோ அடிப்பார்கள். டிஸ்க் பிரேக் பேடில் அது ஒரு சொட்டுப் பட்டாலும் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சில வகை ரப்பர் சீல்கள் எண்ணெய் பட்டால் உப்பிவிடும்.

இனி முக்கியமான விஷயம். தண்ணீர் மோட்டாருக்குள் போவது மழையால் மட்டும் அல்ல, சூட்டினாலும்தான். ஏற்றம் ஏறி முடித்த மோட்டாருக்குள் காற்று 65 டிகிரி இருக்கிறது என்று வையுங்கள். அதன் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டி 22 டிகிரிக்கு இறக்கினால் உள்ளே அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறையும். கோத்தகிரி உயரத்துக்குக் கணக்குப் போட்டால், மோட்டாரை ஒரு மீட்டர் ஆழத்தில் முக்கி வைத்த அளவு அழுத்த வித்தியாசம் வருகிறது. மோட்டார் தானே தண்ணீரை உறிஞ்சுகிறது! அழுத்தத்தைச் சமன் செய்யச் சில மோட்டார்களில் காற்று மட்டும் போகும் சிறு சவ்வு உண்டு. சேறு அப்பியிருந்தால் அதுவும் அடைபடும். ஆகவே வந்ததும் கழுவாதீர்கள். நிழலில் நிறுத்தி அரை மணி நேரமாவது விடுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பு கூடத் தெரியக் கூடாது.

சேறு காய்ந்து இறுகிவிடுமே என்றால், பூவாளியால் ஃபிரேமையும் சக்கரத்தையும் மட்டும் நனைத்து வையுங்கள். மோட்டார் பக்கம் போக வேண்டாம்.

கழுவும் முறை: சிஸ்டத்தை அணைத்து, சார்ஜ் துளையின் ரப்பர் மூடி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கழற்ற முடிந்த டிஸ்ப்ளே என்றால் கழற்றிவிடுங்கள். இரண்டு வாளித் தண்ணீர் போதும்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றது அலச. ஓஸ் பைப் என்றால் முனையில் பூவாளித் தலை மாட்டி, மேலிருந்து கீழாக மழை மாதிரி விழ விடுங்கள். கிராங்க், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பின்பக்க லிங்க் பேரிங் எதையும் பக்கவாட்டில் குறிவைக்காதீர்கள். மோட்டாருக்கு ஈரப் பஞ்சும் மென்மையான பிரஷும் மட்டும். செயினுக்கு டிகிரீசர் போடுவதானால் பிரஷில் தொட்டுத் தேயுங்கள்; ஸ்ப்ரே அடித்தால் அது வழிந்து நேராக மோட்டார் சீலுக்குத்தான் போகும். டபிள்யூடி-40ஐயும் பேரிங், சீல் இருக்கும் இடங்களில் அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவவே கூடாது. ஃபிரேமுக்குள் தேங்கிய நீர் கீழே வடிய வேண்டியது. கவிழ்த்தால் வயர் வழியே கனெக்டருக்கும் ஹேண்டில்பார் சுவிட்சுக்கும் போய்விடும்.

துடைக்கப் பனியன் வேஸ்ட் நல்லது. கம்ப்ரசர் காற்றை மோட்டார் ஓரத்தில் அடிக்காதீர்கள். அதுவும் பிரஷர் கன் செய்யும் வேலையையே செய்யும்.

பேட்டரி விஷயத்தில் என் கருத்து: உள்ளேயே இருக்கட்டும். டியூபுக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றினால் அந்த இடம் திறந்த குழியாகிவிடுகிறது, கனெக்டர் வாய் பிளந்து நிற்கும்.

செம்பும்பச்சையும்:

பட்டறைக்காரன் அண்ணா சொன்னதில் பேட்டரி விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சுத்தம் செய்யும்போதும் பழுது பார்க்கும்போதும் பேட்டரியை எடுத்துவிடச் சொல்வது காரணமில்லாமல் இல்லை. செயினைத் துடைக்கக் கிராங்கைச் சுற்றும்போது தவறுதலாக சிஸ்டம் ஆன் ஆகிவிட்டால் விரல் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டும். இன்னொன்று, பேட்டரி உள்ளே இருந்தால் அதன் பின்னால் நீர் புகுந்ததே தெரியாது. இரவெல்லாம் அங்கே ஈரம் நிற்கும்.

இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: மேலோட்டமாக நீர் விட்டு அலசும்போது பேட்டரி உள்ளே, சிஸ்டம் ஆஃப். அலசி, வெளிப்புறம் துடைத்து முடித்த பிறகு பேட்டரியைக் கழற்றி மற்ற வேலைகள். கழற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று உங்கள் வண்டிக் கையேடு சொன்னால் அதன்படியே செய்யுங்கள், ஆனால் கனெக்டருக்கு மூடி போட்டு, குழியின் வாயையும் தடித்த பிளாஸ்டிக்கால் மூடி ஓரம் டேப் ஒட்டிய பிறகு.

கழற்றியதும் கனெக்டரின் உலோகப் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு என்றால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. கறுப்புப் புள்ளி என்றால் தொடுப்பு சரியாக இல்லாமல் பொறி பறந்திருக்கலாம். அது தானாகச் சரியாகாது, டீலரிடம் காட்டுங்கள். செம்மண் கரைசல் ஈரமாக இருக்கையில் 36 வோல்ட் ஓடினால் பின் மெல்லக் கரையும், சாதாரணத் துரு மாதிரி மாதக்கணக்கில் ஆகாது. கடற்கரையில் ஓட்டுபவர்களுக்கு உப்பினால் இது இன்னும் வேகம்.

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் விடாத துணி. காய்ந்ததும் பின்களில் டெக்னிகல் வேசலின் மெல்லிய படலமாக, விரலில் பட்டால் பிசுபிசுக்கும் அளவு மட்டும். மற்ற கனெக்டர்களின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ். சாதாரண பேரிங் கிரீஸை ரப்பரில் பூசாதீர்கள். நிறையப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்று கனெக்டர் வாயை கிரீஸால் அடைத்துவிடுகிறார்கள். அதில் மண் துகள் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

பிறகு பேட்டரி போடாமல் வண்டியைத் திறந்தபடி ஒரு இரவு விடுங்கள். சார்ஜ் துளையும் பின்களும் நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜர் செருக வேண்டும். ஊட்டிக் குளிரில் வெளியே கிடந்த பேட்டரியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால் மேலே வியர்த்து நீர் கோக்கும். அது அடங்கும் வரை காத்திருங்கள்.

ஓடைக்கரை:

ஓடைக் கேள்விக்கு வருகிறேன். 29 இஞ்ச் சக்கர வண்டியில் கிராங்க் ஆக்சில் தரையிலிருந்து சுமார் 34 சென்டிமீட்டரில் இருக்கும். மோட்டாரின் அடிவயிறு அதற்கும் சில சென்டிமீட்டர் கீழே. 165 மில்லிமீட்டர் கிராங்க் என்றால் கீழே இறங்கிய பெடலின் உயரம் 17, 18 சென்டிமீட்டர். அதைக் கண்ணளவாக வையுங்கள். இறங்கிய பெடல் நனையாத ஆழம் என்றால் மெதுவாக, அலை எழுப்பாமல் போகலாம். பெடல் மூழ்கினால் நிறுத்திவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு: ஆழமாக இருக்கிறதே என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. ஓட்டினாலும் தள்ளினாலும் மோட்டார் மூழ்குவது ஒன்றுதான். தூக்க வேண்டும். வண்டி 22 முதல் 25 கிலோ வரும், வழுக்குப் பாறையில் ஒருவர் தூக்குவது ஆபத்து. இரண்டு பேர் பிடியுங்கள், இல்லையென்றால் வேறு வழியாகப் போங்கள். ஏற்றம் ஏறிய சூட்டோடு ஓடையில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பட்டறைக்காரன் சொன்ன உறிஞ்சல் அப்போதுதான் நடக்கும். கரையில் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.

மழையில் ஓட்டும்போது மோட்டாரை அதிகம் நனைப்பது வானத்து நீர் அல்ல. முன் சக்கரம் வாரி இறைக்கும் சேற்று நீர் நேராக டவுன் டியூபிலும் மோட்டார் முகத்திலும் அடிக்கும். நீளமான முன் மட்கார்ட் ஒன்று மாட்டினாலே பாதிக் கவலை போகும். விலையும் குறைவு. நியோப்ரீன் மோட்டார் உறை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓட்டும்போது வேண்டாம். மோட்டார் காற்றுப் பட்டுத்தான் குளிர்கிறது. உறை ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைக்கும்.

வயர்கள் ஹெட்செட் வழியே உள்ளே இறங்கும் வண்டியா என்றும் பாருங்கள். மேல் பேரிங் மூடியில் புகும் நீர் வயரைப் பிடித்துக்கொண்டு டவுன் டியூபுக்குள் இறங்கி, பேட்டரிக் குழியைத் தாண்டி மோட்டாரடியில் சேரும். அது வெளியேறத்தான் ஃபிரேமின் அடியில் சிறிய வடிகால் துளை வைத்திருக்கிறார்கள். செம்மண் அடைத்துவிட்டால் டியூப் தொட்டியாகிவிடும். ஒவ்வொரு கழுவலின்போதும் ஒரு ஜிப் டையை விட்டுக் குத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மோட்டாரின் அடித்தகட்டையும் கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணை எடுக்க வேண்டும். அந்த மண் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

காருக்குப் பின்னால் ரேக்கில் மாட்டி மழையில் கொண்டுபோனால் பேட்டரி கார் உள்ளே, கனெக்டருக்கு மூடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் மழைத்துளி நீங்கள் ஓட்டும்போது விழுவது மாதிரி விழாது.

தேயிலைத்தடம்:

மிக்க நன்றி. தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று: இவ்வளவு பார்த்தும் கழுவிய பிறகு டிஸ்ப்ளேயில் எரர் வந்தால் என்ன செய்வது? மோட்டாரைத் திறந்து பார்க்கலாமா?

பட்டறைக்காரன்:

திறக்காதீர்கள். வாரண்டி போவது ஒரு பக்கம். சீலை மறுபடி அதே மாதிரி உட்கார வைப்பது வீட்டு வேலை அல்ல.

503 என்று வந்தால் பயம் வேண்டாம், அது வேக சென்சார். சென்சாரில் சேறு இருக்கும், அல்லது பிரஷ் பட்டு ஸ்போக் காந்தம் நகர்ந்திருக்கும். துடைத்து, காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 5 முதல் 17 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி நகர்த்தி, சிஸ்டத்தை அணைத்துப் போடுங்கள்.

வேறு எரர் என்றால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் செய்யக் கூடாதது. ஈரமான சர்க்யூட்டில் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் அரிப்பு கூடும். அணைத்து, பேட்டரியை எடுத்து, வண்டியை நேராக நிறுத்தி, ஃபேன் காற்றில் 24 முதல் 48 மணி நேரம். ஹேர் டிரையரும் வேண்டாம், உச்சி வெயிலும் வேண்டாம். அரிசி மூட்டையில் வைப்பதால் பயனில்லை. அதன் பிறகும் எரர் நின்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு டீலரிடம் போங்கள்.

பேட்டரியே நீரில் மூழ்கியிருந்தால் கதை வேறு. சார்ஜ் போடாதீர்கள், வண்டியில் மாட்டாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளியே, தீப்பற்றும் பொருள் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு டீலரைக் கூப்பிடுங்கள். சூடேறினாலோ, உப்பினாலோ, இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலோ, சீறல் சத்தம் கேட்டாலோ கிட்டப் போகாமல் 101க்கு அழையுங்கள்.

மாதம் ஒருமுறை இதையும் செய்யுங்கள்: செயினைப் பல் சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு, கிராங்கைப் பின்பக்கமாகக் கையால் சுற்றி, மோட்டாரில் காதை வைத்துக் கேளுங்கள். கரகரப்பு தெரிந்தாலோ ஆக்சில் ஓரத்தில் துருநிறக் கோடு வழிந்திருந்தாலோ அந்த வாரமே காட்டிவிடுங்கள். பேரிங் மட்டும் போயிருக்கும் கட்டத்தில் பிடித்தால் முழு மோட்டாரையும் மாற்ற வேண்டி வராமல் தப்பிக்கலாம்.