தைப்பூசம் ஃபோல்டர் திறக்கவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு 7:52

ஈசூன் மாமா: யாராவது இருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் மறுபடியும் அதே வேலையைக் காட்டுகிறது.

பிடோக் சித்தி: என்ன அண்ணே, திரை கறுத்துவிட்டதா?

ஈசூன் மாமா: இல்லை. தைப்பூசம் ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகிறது. பாதியில் எல்லாம் மூடிக்கொள்கிறது. திரையின் அடியில் இருக்கிற பட்டைகூடக் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. போட்டோ ஃபோல்டர், பழைய கல்யாண வீடியோ ஃபோல்டர் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. இது மட்டும்தான்.

மாமி: காலையிலிருந்து அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். தேக்கா சந்தையில் மீன் வாங்கி வரச் சொன்னேன். மீனும் இல்லை, வீடியோவும் இல்லை.

சித்தப்பா: வைரஸ்தான் மச்சான். சந்தேகமே இல்லை.

பிடோக் சித்தி: இவருக்கு எதுவானாலும் வைரஸ்தான். போன மாதம் ரைஸ் குக்கர் நின்றபோதும் இதையேதான் சொன்னார்.

ஈசூன் மாமா: ஒரு கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட 80 வெள்ளி என்றார்கள். அப்புறம் நெட்டில் தேடினேன். திடீரென்று சிவப்புத் திரை வந்து, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்றது. அழைக்கலாமா?

நான்: மாமா, வேண்டாம்!! அது மோசடி. உதவுகிறேன் என்று உள்ளே வந்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். விண்டோஸ் காட்டும் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காது. சந்தேகம் என்றால் சிங்கப்பூரின் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

ஈசூன் மாமா: அழைக்கவில்லை மா. எண்ணைத் தாளில் எழுதி மட்டும் வைத்தேன்.

மாமி: தாளைக் கிழித்தாயிற்று.

ஈசூன் மாமா: வீடியோ பார்க்கிற விஎல்சியில் மீடியா, ஓப்பன் ஃபைல் போய் அந்த ஃபோல்டரைத் தொட்டேன். விஎல்சியும் சேர்ந்து மூடிக்கொண்டது. அப்படியென்றால் வீடியோக்களே கெட்டுப்போய்விட்டன, இல்லையா? பிள்ளை முதல் தடவை காவடி எடுத்தது. பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை கூடவே நடந்து எடுத்தேன்.

நான்: கவலைப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடியோக்களைப் போட்டுக் கொடுத்த தம்ப் டிரைவை இப்போதுதான் என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் ஓடுகின்றன. தம்பி ராணுவ கேம்பில் இருக்கிறான், ஒன்பது மணிக்கு மேல்தான் போனைப் பார்ப்பான்.

இரவு 9:14

தம்பி: கேம்பில் படுக்கிற அறைக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன். மாமா, ஃபார்மேட் வேண்டாம், 80 வெள்ளியும் வேண்டாம்.

தம்பி: நீங்கள் ஃபோல்டரைத் திறந்தவுடன் கம்ப்யூட்டர் சும்மா பெயர்களை மட்டும் காட்டுவதில்லை. ஒவ்வொரு வீடியோவாகத் திறந்து, அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சின்னப் படமாகப் போடும். எத்தனை நிமிடம், எவ்வளவு அகலம் என்றும் படிக்கும். அந்த வேலையைச் சில சமயம் வெளியிலிருந்து வந்த சாஃப்ட்வேர் செய்யும். அது, ஃபோல்டர்களைத் திறந்து காட்டுகிற எக்ஸ்புளோரருக்குள் உட்கார்ந்து விழுந்தால் எக்ஸ்புளோரரும் கூடவே விழும். அடியில் இருக்கிற பட்டை, அதாவது டாஸ்க்பாரும், எக்ஸ்புளோரரின் வேலைதான். அதனால்தான் அதுவும் மறைந்து வருகிறது.

சித்தப்பா: அப்போது விஎல்சி ஏன் விழுந்தது?

தம்பி: நல்ல கேள்வி சித்தப்பா. விஎல்சி வீடியோவைத் தொடவே இல்லை. ஃபைலைத் தேர்ந்தெடுக்க வருகிற பெட்டி விண்டோஸுடையது. அதுவும் அதே சின்னப் படங்களைப் போடப் பார்க்கும்.

சித்தப்பா: வைரஸ் இல்லையா?

பிடோக் சித்தி: 🤦

தம்பி: மாமா, முதலில் விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்துங்கள். வருகிற பெட்டியில் கண்ட்ரோல் ஃபோல்டர்ஸ் என்று ஆங்கிலத்தில், நடுவில் இடம் விட்டு அடியுங்கள். வியூ என்ற பக்கத்தில் முதல் வரியே ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெய்ல்ஸ். சின்னப் படமே போடாதே என்று அர்த்தம். அதில் டிக் போட்டு ஓகே.

ஈசூன் மாமா: போட்டேன்.

ஈசூன் மாமா: திறந்துவிட்டது!!! எல்லாம் ஒரே மாதிரிக் கட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்துவிட்டது.

மாமி: பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி கத்துகிறார்.

ஈசூன் மாமா: ஐயோ. ஒரு ஃபைல் மேல் அம்பைக் கொண்டுபோனேன், மறுபடியும் மூடிக்கொண்டது.

தம்பி: அம்பை வைத்தால் ஃபைலின் விவரத்தைப் படித்துக் காட்டும். அப்போதும் அதே ஆள் உள்ளே வருகிறான். எந்த ஃபைல்?

ஈசூன் மாமா: கோவில் வாசலில் எடுத்தது. கடைசி வீடியோ.

நான்: என்னிடம் ஓடாததும் அதுதான்!

தம்பி: சரி, ஆள் யார் என்று பார்ப்போம். மறுபடி விண்டோஸ் கீ, ஆர். பெர்ஃப்மான், ஓர் இடைவெளி, சாய்கோடு, ரெல் (perfmon /rel). ஒரு வரைபடம் வரும். இன்றைய தேதியில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தி, கீழே விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்ற வரியை இரண்டு முறை தட்டினால் ஃபால்ட்டிங் மாட்யூல் நேம் என்று, எந்த ஃபைலால் விழுந்தது என்பது இருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள்.

ஈசூன் மாமா: 📷

பிடோக் சித்தி: அண்ணே, உங்கள் கட்டைவிரல்தான் தெரிகிறது.

ஈசூன் மாமா: 📷

தம்பி: கிடைத்துவிட்டான். இது விண்டோஸுடையது இல்லை. பழைய கோடெக் தொகுப்பு ஒன்றோடு, அதாவது வீடியோவைப் படிக்க உதவுகிற சாஃப்ட்வேரோடு, வருகிற ஃபைல். எப்போது போட்டீர்கள்?

ஈசூன் மாமா: கல்யாண சிடி ஓடவில்லை என்று அப்போது யாரோ போடச் சொன்னார்கள். விண்டோஸ் 7 காலம்.

தம்பி: 7லிருந்து 10க்கு ஏற்றியபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படித்தான், எந்த வீடியோவும் எளிதில் ஓடாது. இப்போது தேவையே இல்லை. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது. ஆப்ஸ் பட்டியலில் தேடி எடுத்துவிடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் முன்பு போட்ட டிக்கை எடுங்கள்.

இரவு 9:58

ஈசூன் மாமா: எல்லாப் படமும் வந்துவிட்டது. பிள்ளை, காவடி, மாமியின் தலை, எல்லாம். ஒன்றில் மட்டும் படம் வரவில்லை. ஆனால் மூடிக்கொள்ளவும் இல்லை.

நான்: இத்தனை வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் விழுந்தது?

தம்பி: அந்த ஒரு ஃபைல்தான் காரணமாக இருக்கும். மாமா, அதை எடுக்கும்போது போன் அணைந்துபோனதா?

ஈசூன் மாமா: ஆமாம்! பேட்டரி தீர்ந்துவிட்டது. உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: எந்தக் காட்சி ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலும் பதிவு நின்ற பிறகுதான் போன் எழுதும். நடுவில் அணைந்தால் காட்சி இருக்கும், அட்டவணை இருக்காது. நல்ல சாஃப்ட்வேர் படிக்க முடியவில்லை என்று விட்டுவிடும். உங்கள் பழைய தொகுப்பு தலைகீழாக விழுந்தது.

ஈசூன் மாமா: அப்போது வாசல் காட்சி போனது போனதுதானா?

தம்பி: அழித்துவிடாதீர்கள். அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையைத் திரும்பக் கட்டிப் பார்க்கிற கருவி உண்டு. வெள்ளிக்கிழமை கேம்பிலிருந்து வெளியே விட்டதும் நேராக ஈசூனுக்கு வருகிறேன். வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்புறம், உங்கள் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதையும் அன்றே பேசுவோம்.

பிடோக் சித்தி: வாசலில் நானும் எடுத்தேன் அண்ணே. கொஞ்சம் ஆடியிருக்கும், யாரோ ஒருவர் பால்குடம் குறுக்கே வரும். அனுப்பவா?

தம்பி: அனுப்புங்கள் சித்தி, ஆனால் வீடியோவாக இல்லாமல் டாக்குமெண்ட்டாக. வாட்ஸ்அப் சுருக்கிவிடும்.

ஈசூன் மாமா: அனுப்பு அனுப்பு.

மாமி: தம்பி, வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் மீன் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தம்பி: விளக்கை அணைக்கிறார்கள். வருகிறேன் மாமி.